கன்னுக்குட்டி கத்தினா காப்பி அடிச்சதா அர்த்தமா?



ஆடி முடியப் போகுது, ஏரியில முழங்கால் தண்ணிகூட இல்லை. சம்பாவுக்கு நாத்து விட இன்னும் நாள் இருக்கு. இந்த மாதிரி வேலை கம்மியான நேரத்துலதான் நாங்க பட்டணத்து வேலைகளை எல்லாம் முடிச்சுக்குவோம். நானும் போன வாரம் தம்பி பையனைக் கூட்டிக்கிட்டு சென்னைக்குப் போய் வந்தேன்.

பையனுக்கு 19 வயசு. தம்பிக்கு முதுகுல ஆபரேஷன் ஆனதுலேருந்து ரெண்டரை ஏக்கரும் நாலு மாடும் இவன் கையிலதான். காலையில பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு, பத்து மணிக்கு காலேஜ்ல போய் உக்கார முடியாது. ஆனா படிக்கணும்னு ஆசை இருக்கு. "பெரியப்பா, பி.காம். தபால்ல படிக்கலாமா?"ன்னு கேட்டான். இப்போ அதுக்கு தொலைதூரக் கல்வி, ஆன்லைன் டிகிரின்னு பேரு. சரி, நேர்ல போய் விசாரிப்போம்னு கிளம்பினோம்.

செங்கல்பட்டுல ஏறி, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, எதிர்ல பறக்கும் ரயிலுக்கு மாறினோம். சென்னைக்காரங்களுக்கு இது தெரிஞ்ச பாதைதான். ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? அந்த ஒரே பாதையில சேப்பாக்கத்துல இறங்கினா சென்னைப் பல்கலைக்கழகம். திருமயிலை, மந்தைவெளி தாண்டி கோட்டூர்புரத்துல இறங்கினா ஒரு பக்கம் அண்ணா நூற்றாண்டு நூலகம், கொஞ்சம் நடந்தா அண்ணா பல்கலைக்கழகம், அதுக்கு அடுத்தாப்ல ஐ.ஐ.டி. எங்க ஊர்ப் பிள்ளைங்க தலையெழுத்தை எழுதுற ஆபீசெல்லாம் அரை மணி நேர ரயில் பயணத்துக்குள்ள அடங்கிடுது.

விசாரிச்ச இடங்களோட பேரு வேண்டாம். ஃபீஸ் எவ்வளவு, கடைசி தேதி என்ன, எந்தெந்த சான்றிதழ் வேணும், எல்லாத்துக்கும் டக்டக்குன்னு பதில் வந்தது. நான் ரெண்டே கேள்விதான் கூடுதலா கேட்டேன். பரீட்சையை எங்க உக்காந்து எழுதணும்? ஆன்லைன்ல நடந்து, நடுவுல லைன் போச்சுன்னா யாரைக் கூப்பிடணும்?

முதல் கேள்விக்கு, "அது அப்போ சொல்லுவாங்க." ரெண்டாவதுக்கு, "மெயில் போடுங்க சார்."

அந்த 'மெயில் போடுங்க' எனக்கு சில வருஷத்துக்கு முந்தியே பழக்கம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2021 பிப்ரவரி. என் மக சென்னையில ஒரு கலைக் கல்லூரியில கடைசி வருஷம். கொரோனாவுக்கு முந்தி தி.நகர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. ஹாஸ்டலை மூடினதும் வீட்டுக்கு வந்துட்டா. ரிச்சி தெருவுல பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். வகுப்பெல்லாம் எப்படியோ ஓடுச்சு. அந்த வருஷம் ஜனவரியில அரசாங்கம் 9.69 லட்சம் காலேஜ் பிள்ளைங்களுக்கு ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம்னு அறிவிச்சது. நல்ல காரியம்தான், குறை சொல்லலை. ஆனா எங்க வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடுதான் வரும். வாய்க்கால் தூர்வாராம மதகைத் திறந்து விட்ட மாதிரி ஆச்சு.

சிக்னல் நல்லா கிடைக்கிறது எங்க மோட்டார் கொட்டகையில. அங்கேயே ஒரு பெஞ்சைப் போட்டு, சுவத்துல வெள்ளை வேட்டி கட்டி, பிள்ளை பரீட்சை எழுதினா. விதிமுறை ஒரு பக்கத்துக்கு அனுப்பியிருந்தாங்க. அறையில வேற யாரும் இருக்கக் கூடாது. முகம் முழுசாத் தெரியணும். சத்தம் வரக் கூடாது. பார்வை திரையை விட்டு நகரக் கூடாது. கண்காணிக்கிறது மனுஷன் இல்லை, செயற்கை நுண்ணறிவாம்.

மூணாவது பரீட்சையன்னைக்கு, பின்னால கட்டியிருந்த கன்னுக்குட்டி கயித்தைச் சுத்திக்கிட்டு கத்த ஆரம்பிச்சது. பிள்ளை ரெண்டு தடவை திரும்பிப் பாத்திருக்கா. நான் ஓடிப்போய் அவுத்து விட்டேன், என் தோள் ஒரு ஓரமா கேமராவுல விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்துல கரண்ட்டும் போய், போன்ல டேட்டாவை மாத்தி, திரும்ப உள்ளே போக பன்னெண்டு நிமிஷம். உதவிக்குன்னு ஒரு நம்பர் கொடுத்திருந்தாங்க. நான் ஒரு போன்ல, வீட்டுக்காரம்மா ஒரு போன்ல மாத்தி மாத்தி அடிச்சோம். மணி போய்க்கிட்டே இருந்தது, யாரும் எடுக்கலை. மெயில் போட்டோம். ஒன்பது நாள் கழிச்சு பதில் வந்தது, இங்கிலீஷ்ல, 'உங்கள் புகார் பெறப்பட்டது'ங்கிற அர்த்தத்துல.

ரிசல்ட் வந்தப்போ அந்த ஒரு பேப்பருக்கு மட்டும் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'. முறைகேடு சந்தேகம். எங்க பரம்பரையில முதல் பட்டதாரி. பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடலை. ஊர்ல நாலு பேர் கேட்டாங்க, என்னத்தைச் சொல்றது? கன்னுக்குட்டி கத்திச்சுன்னா?

மூணு மாசம் கழிச்சு, அவ துறையில ஒரு டீச்சரம்மா தானா முன்வந்து, யார்கிட்டயோ பேசி, அந்த வீடியோவைத் திறந்து பாக்க வச்சாங்க. பத்து நிமிஷம்தான். பாத்தவரு சிரிச்சாராம். ரிசல்ட் வந்துடுச்சு, பாஸ். ஆனா எம்.எஸ்ஸி.க்கு அவ விண்ணப்பிச்ச இடத்துல அதுக்குள்ள தேதி முடிஞ்சிடுச்சு. ஒரு வருஷம் வீட்டுல உக்காந்தா. அந்தப் பத்து நிமிஷத்தை முதல் வாரத்துலயே யாராவது ஒருத்தர் ஒதுக்கியிருக்கலாம், அவ்வளவுதான் என் வருத்தம்.

எங்க வீட்டுக் கதை சின்னக் கதை. அதே சமயத்துல அண்ணா பல்கலைக்கழகத்துல என்ன நடந்ததுன்னு உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். 2020 செப்டம்பர் கடைசியில இறுதியாண்டுக்காரங்களுக்கு ஒரு மணி நேர ஆன்லைன் தேர்வு வச்சாங்க. அப்புறம் நவம்பர்–டிசம்பர்ல நடக்க வேண்டிய செமஸ்டர் தேர்வை 2021 பிப்ரவரியில இதே மாதிரி கேமராக் கண்காணிப்போட நடத்தினாங்க. ரிசல்ட் வந்ததும் ஒரே கூப்பாடு. ஏகப்பட்ட பிள்ளைங்க ஃபெயில், பல பேருக்கு முறைகேடு சந்தேகம்னு ரிசல்ட் நிறுத்தம். புது அரசு வந்து, 2021 மே மாசம் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, மறுதேர்வு வைக்கிறோம், மறுபடி ஃபீஸ் கட்ட வேண்டாம்னு அறிவிச்சார். அந்தத் தேர்வு எப்படி நடந்தது? வீட்டுல உக்காந்து மூணு மணி நேரம் பேப்பர்ல பேனாவால எழுதி, ஸ்கேன் பண்ணி அனுப்பற மாதிரி. புத்திசாலிக் கேமரா ஒரே செமஸ்டர்ல ஓரங்கட்டப்பட்டது.

பிள்ளைங்க காப்பியே அடிக்கலையான்னு கேட்பீங்க. அடிச்சாங்க. பொய் சொல்ல மாட்டேன், எங்க தெருவுலயே மூணு பேர் ஒரே திண்ணையில உக்காந்து வாட்ஸப்புல விடை வாங்கி எழுதினாங்க. அவனுங்க கேமரா எங்க பாக்கும், எங்க பாக்காதுன்னு ரெண்டே நாள்ல கத்துக்கிட்டானுங்க. மூணு பேரும் பாஸ். கன்னுக்குட்டிக்குத் திரும்பிப் பாத்தவதான் மாட்டிக்கிட்டா.

சரி, பெரிய திருட்டு எதுன்னு பாப்போம். அது சேப்பாக்கத்துக் கதை. சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியில 1980-81லேருந்து படிச்சு அரியர் வச்சிருந்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்புன்னு அறிவிச்சு, கொரோனாவால தேர்வை ஆன்லைன்ல வச்சாங்க. நல்ல மனசுதான். ஆனா அந்தச் சந்துல, அங்கே சேர்ந்தே படிக்காத 117 பேர் உள்ள நுழைஞ்சு தேர்வு எழுதியிருக்காங்கன்னு 2021 கடைசியில செய்தி வந்தது. இதை எந்தக் கேமராவும் பிடிக்கலை. பழைய பதிவேட்டை எடுத்து வச்சு ஆளுங்க சரிபாத்தப்பதான் வெளிய வந்தது. அந்த 117 பேரும் திரையை விட்டுப் பார்வையை நகர்த்தாம நல்ல பிள்ளைங்களாவே உக்காந்திருக்கலாம். ஓட்டை அவங்க உக்காந்த அறையில இல்லையே. பேரு எப்படிப் பட்டியல்ல ஏறுச்சு, அதுதானே கேள்வி?

விவசாயிக்கு இது புதுசு இல்லைங்க. அதே 2020 ஆகஸ்ட்ல எங்களுக்கும் ஒண்ணு நடந்தது. பி.எம். கிசான்ல வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருமே, அதுல கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு பல மாவட்டங்கள்ல 5 லட்சத்துக்கும் மேல தகுதியில்லாத ஆளுங்க சேர்ந்து, ஏறக்குறைய 110 கோடி ரூபாய் போச்சு. எப்படிப் போச்சு? அதிகாரிங்களோட லாகின், பாஸ்வேர்டு வெளியாளுங்க கைக்குப் போயிடுச்சு. கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்துக்கிட்டே பேரு ஏத்தியிருக்காங்க. பிற்பாடு பாதுகாப்புன்னு வந்தது எங்க பக்கம்தான். கைரேகை வை, ஓ.டி.பி. சொல்லு. கதிர் அறுத்துத் தேஞ்சு போன விரல்ல ரேகை எங்க இருக்கும்? நான் நாலு தடவை நடந்தேன்.

ரெண்டு கதையும் ஒண்ணுதான். சாவி தொலைஞ்சது ஆபீஸ்ல. பூட்டு போட்டது எங்க வீட்டு வாசல்ல.

பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் பாதுகாப்புன்னு பேசறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். மார்க் ஏத்துற லாகின் எத்தனை பேர்கிட்ட இருக்கு? யார் எப்போ திருத்தினாங்கன்னு பதிவு ஆகுதா? வேலையை விட்டுப் போனவரோட பாஸ்வேர்டை நிறுத்தினாங்களா? படிப்பு மையம்னு ஊரூருக்குப் பலகை மாட்டியிருக்காங்களே, அவங்க அனுப்புற பட்டியலை யாராவது ஒரு தடவை சரிபாக்குறாங்களா? இதெல்லாம் செலவில்லாத வேலை. ஆனா கேமரா மென்பொருள் வாங்கினா பேப்பர்ல போட்டோ வரும்.

எங்க பக்கமும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். எங்க கூட்ரோட்டுல ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கு. அந்தத் தம்பிகிட்ட ஒரு நீளமான கணக்கு நோட்டு உண்டு. சுத்துப்பட்டு ஆறு கிராமத்துப் பிள்ளைங்களோட மெயில் ஐ.டி., பாஸ்வேர்டு, பதிவு எண் எல்லாம் அதுல வரிசையா எழுதியிருக்கும். பல பேருக்கு மெயில் ஐ.டி. போட்டுக் கொடுத்தவனே அவன்தான், போன் நம்பரும் அவனுதுதான். பாஸ்வேர்டு பூரா பிறந்த தேதி. நல்ல பையன், இதுவரைக்கும் ஒரு தப்பும் பண்ணலை. ஆனா அந்த நோட்டு மழையில நனைஞ்சாலோ, வேற யார் கையிலயாவது மாட்டினாலோ ஆறு கிராமத்துப் படிப்பும் போச்சு. உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுன்னு போன் பண்றவங்ககிட்ட ஏமாறுறதும் இந்தப் பிள்ளைங்கதான். ஏன் அந்த நோட்டு வந்தது? பாஸ்வேர்டு மறந்தா பல்கலைக்கழகத்துல கேட்க ஆளில்லை, அதனால வந்தது. கூப்பிட்டா எடுக்கிற ஒரு நம்பர் இருந்தா அந்த நோட்டுக்கு வேலையே இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. அந்தக் கேமராவுல எங்க கொட்டகை, எங்க மாடு, என் பொண்ணோட முகம், எல்லாம் ஒன்றரை மணி நேரம் பதிவாச்சே, அது எங்க போச்சு? யார்கிட்ட இருக்கு? கேட்டா பதில் இல்லை. அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ஒரு மாணவர், பரீட்சைக்கு முந்தி என் படுக்கையறையைச் சுத்திக் கேமராவுல காட்டச் சொன்னது தப்புன்னு கேஸ் போட்டார். 2022 ஆகஸ்ட்ல கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு, அது வீட்டுக்குள்ள பூந்து சோதனை போடுற மாதிரின்னு. நம்ம நாட்டுலயும் 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புன்னு சட்டம் வந்துடுச்சு. இனிமேலாவது எதைப் பதிவு பண்றோம், எப்போ அழிப்போம்னு விண்ணப்பத்துலயே தமிழ்ல எழுதிக் கொடுக்கணும். ஹாஸ்டல்ல ஆறு பேர் படுக்கிற அறையில ஒருத்தி பரீட்சை எழுதினா, மத்த அஞ்சு பேர் முகமும்தானே போகுது.

சரி, பின்ன எப்படித்தான் பரீட்சை வைக்கிறது? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் அந்த ரயில் பாதையிலயே இருக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் முன்ன நிக்கிற என்.பி.டி.இ.எல்., 2003-லேருந்து நடக்குது. பாடம் பூரா இணையத்துல, யார் வேணா பாக்கலாம். ஆனா சான்றிதழ் வேணும்னா மையத்துக்கு நேர்ல போய் எழுதணும். 2020-ல அவங்க அறிவிச்ச டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பும் அப்படித்தான், பாடம் வீட்டுல, பெரிய பரீட்சை மையத்துல. அங்கே ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். கம்ப்யூட்டர் நின்னா கையைத் தூக்கலாம். அவர் வந்து பாப்பார். கன்னுக்குட்டியும் இருக்காது.

மையம் பட்டணத்துல மட்டும் இருந்தா எங்களுக்கு ஆகாது, அது வேற விஷயம். ஆனா நம்ம மாநிலத்துக்கு இது முடியாத காரியமா? 2024 ஜூன் 9-ம் தேதி குரூப் 4 தேர்வை ஒரே நாள்ல 15 லட்சத்துக்கும் மேல ஆளுங்க எழுதினாங்க. தாலுக்கா தாலுக்காவா மையம் போட்டு நடத்தினாங்க. 6,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள்ல ஹைடெக் லேப் இருக்கு, சனி ஞாயிறு பூட்டித்தான் கிடக்கு. பல்கலைக்கழகமும் பள்ளிக்கல்வித் துறையும் உக்காந்து பேசினா, எங்க தாலுக்காவுல பரீட்சை எழுதிட்டு சாயங்காலம் பால் கறக்க என் தம்பி பையன் வீட்டுக்கு வந்துடுவான்.

அந்த போன் நம்பரும் வேணும். எங்க ஏரிக்கு நீர்க்கட்டின்னு ஒருத்தர் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு மடை உடைஞ்சாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். மதகுக்குப் பூட்டும் உண்டு, சாவி அவர்கிட்ட, அவர் யாருன்னு ஊருக்கே தெரியும். பரீட்சை நடக்கிற பத்து நாளைக்காவது, தமிழ்ல பேசற இருபது பேரை ஒரு அறையில உக்கார வச்சு போனை எடுக்கச் சொல்லுங்க. தொலைதூரக் கல்வி படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் வேலைக்குப் போறவங்க, புள்ள பெத்தவங்க, எங்க பையன் மாதிரி மாடு பாக்கறவங்க. மெயில்ல பிரச்சினையை விவரிச்சு எழுதத் தெரிஞ்சா அவங்க எதுக்கு இன்னும் டிகிரி படிக்கணும்னு நினைக்கிறேன்!

மயிலாப்பூர்லயும் அடையாறுலயும் இருந்து இதைப் படிக்கிறவங்கள்ல வாத்தியாருங்க இருக்கீங்க, கம்ப்யூட்டர் வேலை பாக்கறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. சில பேர் இந்த மென்பொருளை எழுதற கம்பெனியிலேயே இருக்கலாம். உங்க காலேஜ்ல, உங்க சிண்டிகேட்ல, பழைய மாணவர் கூட்டத்துல இதை ஒரு தடவை கேளுங்க. நாங்க கேட்டா மெயில் போடச் சொல்றாங்க.

பையன் கதைக்கு வரேன். திரும்பி வர்றப்போ ரயில்லயே அவன் போன்ல, அவன் நம்பர்லயே புதுசா ஒரு மெயில் ஐ.டி. போட்டான். பிரவுசிங் சென்டர் தம்பிக்குக் கொடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன். பரீட்சையை நேர்ல மையத்துல வைக்கிற இடமாப் பாத்துதான் சேரணும்னு முடிவு பண்ணியிருக்கான். மாம்பலத்துல கூட்டம் ஏறி, நிக்க இடமில்லாம போச்சு. "பாஸ்வேர்டு என்னடா வச்சே?"ன்னு கேட்டேன்.

"அதை உங்ககிட்டயும் சொல்லக் கூடாது பெரியப்பா"ன்னான்.

கடைசி தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு. மாற்றுச் சான்றிதழ் பள்ளிக்கூடத்துல வாங்கணும், சாதிச் சான்றிதழ்ல அப்பா பேரு ஒரு எழுத்து தப்பா இருக்கு. நாளைக்குத் தாலுக்கா ஆபீஸ் போகணும்.